பழைய கணினியில் டிவிடி டிரைவையும் ஹார்டு டிஸ்க்கையும் மாற்றுவது எப்படி?

கேள்வி இதுதான்: 2004 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப், அதில் விண்டோஸ் எக்ஸ்பி. டிவிடி டிரைவ் டிஸ்க்கைப் படிப்பதில்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்தும் புதிதாக ஒரு சத்தம் வருகிறது. உள்ளே இருப்பவை ஐடிஇ என்ற பழைய வகையின் அகலமான பட்டைக் கேபிள்கள். இப்போது புதிதாகக் கிடைப்பதெல்லாம் சாட்டா என்ற மெல்லிய கேபிள் வகை. என்ன வாங்குவது, எப்படி மாட்டுவது?

முதலில் ஒன்று. டிரைவை இன்னும் வாங்காதீர்கள். மதர்போர்டில் என்ன சாக்கெட் இருக்கிறது, பவர் சப்ளையிலிருந்து என்ன கனெக்டர் வருகிறது, பயாஸும் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டில் பதிந்த நிரல்) விண்டோஸும் எவ்வளவு பெரிய டிஸ்க்கை ஏற்கும், இந்த மூன்றையும் பார்த்த பிறகு வாங்குங்கள். டிரைவை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற அடாப்டரைத் தேடி அலைபவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

அதற்கும் முன்னால், சத்தம் போடும் ஹார்டு டிஸ்க்கில் இருப்பதைக் காப்பாற்றுங்கள். "இன்னும் ஓடுகிறதே" என்று அதிலிருந்தே தினமும் விண்டோஸைத் துவக்கிக்கொண்டிருக்காதீர்கள். விண்டோஸ் சும்மா இருக்கும்போதும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டேதான் இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் வழியாக வேறொரு கணினியில் மாட்டி நகல் எடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இதற்கென்றே இருக்கிறது. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, படிக்க முடியாத இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். ஆனால் டிஸ்க் சீரான இடைவெளியில் "டக், டக்" என்று தட்டிக்கொண்டே இருந்தால் அது ஹெட் (டிஸ்க்கின் தட்டைப் படிக்கும் முனை) பழுதின் அடையாளம். உள்ளே இருப்பது உங்களுக்கு முக்கியம் என்றால் அதற்குமேல் மின்சாரமே கொடுக்காமல் தரவு மீட்பவர்களிடம் கொடுத்துவிடுவது நல்லது.

டிவிடி டிரைவைப் பொறுத்தவரை, அது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர் என்று இரண்டு தனித்தனி மூலங்கள் உள்ளே இருக்கின்றன. ஒன்று மங்கிய பிறகும் மற்றொன்று வேலை செய்யும். தட்டு வெளியே வராவிட்டால், முன்பக்கம் இருக்கும் சின்னத் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக விட்டு அழுத்தினால் வெளியே வந்துவிடும். அப்படி வருகிறது, பட்டனை அழுத்தினால் மட்டும் வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அதை மட்டும் மாற்றினால் போதும். எந்த டிஸ்க்குமே ஓடவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். இத்தனை வருடம் மடங்கிக் கிடந்த பட்டைக் கேபிளை நான் அவ்வளவு எளிதில் நம்ப மாட்டேன்.

சரி, இப்போது கேபினட்டைத் திறக்கலாம். மின் இணைப்பைப் பிளக்கிலிருந்தே உருவிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடியுங்கள். பவர் சப்ளையில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். எதையும் தொடுவதற்கு முன் கேபினட்டின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியைக் கையால் தொட்டுக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முன் போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொண்டால் எந்தக் கேபிள் எங்கே போனது என்று பிறகு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

போர்டில் நீளமான, 40 பின் கொண்ட இரண்டு சாக்கெட்கள் தெரியும். அவைதான் ஐடிஇ, பேட்டா என்றும் சொல்வார்கள். ஒன்று பிரைமரி, மற்றொன்று செகண்டரி. பக்கத்திலேயே 34 பின் உள்ள சற்றுக் குட்டையான ஒன்று இருக்கும். அது ஃப்ளாப்பிக்கானது, குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறகு, விரல் நகம் அளவில் 'எல்' வடிவப் பள்ளத்தோடு 7 பின் சாக்கெட் ஏதாவது இருக்கிறதா என்று நன்றாகத் தேடுங்கள். 2003-லேயே சாட்டா வந்துவிட்டது. அந்த வருடங்களின் போர்டுகள் பலவற்றில் ஐடிஇயும் சாட்டாவும் சேர்ந்தே இருக்கும். ஐடிஇ டிஸ்க்கோடு விற்ற கணினியில் சாட்டா சாக்கெட்கள் தொடப்படாமலே கிடக்கும். இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

ஐடிஇ டிரைவுக்குப் பதில் ஐடிஇ டிரைவையே மாட்டுவதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை கேபிளும் ஜம்பரும்தான். கேபிளில் இரண்டு வகை உண்டு. இரண்டு முனையிலும் 40 துளைகள்தான் இருக்கும், ஆனால் பட்டையில் ஓடும் கம்பிகள் ஒன்றில் 40, மற்றொன்றில் 80. பட்டையைக் கிட்டே வைத்துப் பார்த்தால் 80 கம்பிக் கேபிளின் வரிகள் மிக நெருக்கமாக, மெல்லிசாக இருக்கும். கூடுதலான அந்த 40 கம்பிகளும் கிரவுண்டுதான். பக்கத்துக் கம்பியின் சிக்னல் இதில் கலக்காமல் தடுக்கின்றன. நொடிக்கு 33 எம்பி வேகத்தைத் தாண்ட வேண்டும் என்றால் 80 கம்பிக் கேபிள் கட்டாயம். ஹார்டு டிஸ்க்குக்கு எப்போதும் அதையே போடுங்கள். டிவிடி டிரைவ் 16 மடங்கு வேகத்தில் படித்தாலும் நொடிக்கு சுமார் 22 எம்பிதான் என்பதால் 40 கம்பியிலும் சமாளித்துவிடும். நீளம் 18 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

80 கம்பிக் கேபிளில் கனெக்டர்களின் நிறத்துக்கு அர்த்தம் இருக்கிறது. நீலம் போர்டுக்கு, கடைசி முனையில் இருக்கும் கறுப்பு மாஸ்டருக்கு (முதல் டிரைவ்), நடுவில் இருக்கும் சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது டிரைவ்). நீல முனையை டிரைவில் மாட்டிவிட்டு "வேகம் வரவில்லை" என்று தேடுபவர்கள் உண்டு. கேபிள் 80 கம்பியா என்று போர்டு தெரிந்துகொள்வதே நீல முனையில் ஒரு பின் கிரவுண்டோடு சேர்ந்திருப்பதை வைத்துத்தான். பட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும் பக்கம் 1-வது பின். பெரும்பாலான டிரைவ்களில் அது பவர் கனெக்டரை ஒட்டிய பக்கமாக வரும். 20-வது பின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும், கேபிளில் அந்தத் துளை அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே நல்ல கேபிள் தவறான பக்கம் இறங்காது. இறங்கவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். பின் ஒன்று வளைந்தால் நிமிர்த்தலாம், உடைந்தால் டிரைவே போச்சு.

அப்புறம் ஜம்பர். டிரைவின் பின்பக்கத்தில், டேட்டா கனெக்டருக்கும் பவர் கனெக்டருக்கும் நடுவில் குட்டிப் பின்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி மாட்டியிருக்கும். ஒரே கேபிளில் இருக்கும் இரண்டு டிரைவ்களில் ஒன்று மாஸ்டர், மற்றொன்று ஸ்லேவ் என்று அதை வைத்துத்தான் முடிவாகிறது. எந்த இடம் எதற்கு என்பது டிரைவின் மேல் ஒட்டிய லேபிளிலோ தகட்டிலோ அச்சிட்டிருக்கும். கேபிள் செலக்ட் என்ற மூன்றாவது இடத்தில் வைத்தால் கேபிளில் எந்த முனையில் மாட்டினோமோ அதன்படி டிரைவ் தானே முடிவுசெய்துகொள்ளும். ஆனால் இதற்கு 80 கம்பிக் கேபிள் வேண்டும். சாதாரண 40 கம்பிக் கேபிளில் இது நடக்காது. ஒரே கேபிளில் ஒன்றைக் கேபிள் செலக்டிலும் மற்றொன்றை மாஸ்டரிலும் கலந்து வைக்காதீர்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் ஐடிஇ டிஸ்க்குகளில் இன்னொரு விஷயம் உண்டு: கேபிளில் அது மட்டும் தனியாக இருந்தால் 'சிங்கிள்' நிலையில் வைக்க வேண்டும், ஸ்லேவோடு இருந்தால் மட்டுமே 'மாஸ்டர்'. இதைக் கவனிக்காமல் டிஸ்க் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

இரண்டு சாக்கெட் இருக்கும்போது ஹார்டு டிஸ்க்கைப் பிரைமரியிலும் டிவிடி டிரைவைச் செகண்டரியிலும் தனித்தனி மாஸ்டராக வையுங்கள். மெதுவான டிவிடி டிரைவ் கூட இருந்தால் டிஸ்க்கின் வேகமும் அதன் அளவுக்கு இறங்கிவிடும் என்று சொல்வது மிகப் பழைய போர்டுகளுக்குத்தான் பொருந்தும். பிறகு வந்தவை ஒவ்வொரு டிரைவுக்கும் தனி வேகம் வைத்துக்கொள்கின்றன. ஆனாலும் ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு டிரைவ்தான் பேச முடியும். டிஸ்க்கிலிருந்து டிவிடியில் எழுதும்போது அந்தக் காத்திருப்பு நன்றாகவே தெரியும்.

இதைவிடப் பழைய, 1990-களின் தொடக்கக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அக்காலச் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகளில் சிடி டிரைவுக்கென்று 40 பின் சாக்கெட் இருக்கும். பார்க்க ஐடிஇ போலவே இருந்தாலும் பலவற்றில் அது பானசோனிக் டிரைவுக்கான தனி இணைப்பு. ஐடிஇ டிரைவை அதில் மாட்டாதீர்கள்.

இப்போது சாட்டா. போர்டில் சாக்கெட் இருந்தால் மாஸ்டர், ஸ்லேவ் தொல்லை கிடையாது; ஒரு கேபிளுக்கு ஒரு டிரைவ். அந்தக் காலப் போர்டுகளில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு. விஐஏ நிறுவனத்தின் விடி8237, விடி8237ஆர் சிப்கள் நொடிக்கு 1.5 கிகாபிட் வேகம் மட்டுமே அறிந்தவை. பிற்காலத்து 3 கிகாபிட் டிஸ்க்கை மாட்டினால் வேகத்தைக் குறைத்துப் பேசி ஒத்துப்போகத் தெரியாமல், டிஸ்க் இருப்பதாகவே காட்டாது. இதற்காகவே பல ஹார்டு டிஸ்க்குகளில் 1.5-க்கு இறக்கும் ஜம்பர் வைத்திருந்தார்கள், லேபிளில் பாருங்கள். எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) அப்படி ஜம்பர் இருக்காது. இந்தச் சிப் உள்ள போர்டு என்றால் எஸ்எஸ்டியை நேரடியாக மாட்டும் யோசனையைக் கைவிடுவதே நல்லது.

சாக்கெட்டே இல்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, ஐடிஇ-சாட்டா அடாப்டர். தீப்பெட்டி அளவுப் பலகைதான், விலையும் குறைவு. ஆனால் இதில் திசை உண்டு. ஐடிஇ போர்டில் சாட்டா டிரைவை மாட்டுவதற்கு ஒன்று, சாட்டா போர்டில் ஐடிஇ டிரைவை மாட்டுவதற்கு வேறொன்று. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரு திசையிலும் வேலை செய்பவையும் உண்டு, அவற்றில் திசையை மாற்ற ஒரு ஜம்பர் இருக்கும். விவரத்தை முழுதாகப் படித்து வாங்குங்கள். மாஸ்டரா ஸ்லேவா என்பதும் இங்கே அடாப்டரில் உள்ள ஜம்பரில்தான் முடிவாகும், டிரைவில் அல்ல. அந்தக் கேபிளில் வேறு டிரைவ் எதுவும் சேர்க்காமல் மாஸ்டராகத் தனியே விட்டுவிட்டால் பெரும்பாலும் தொல்லை தராது.

இரண்டாவது வழி, போர்டின் பிசிஐ பள்ளத்தில் (கூடுதல் கார்டுகளுக்கான இடம்) செருகும் சாட்டா கார்டு. ஹார்டு டிஸ்க்குக்கு என் விருப்பம் இதுதான். சிலிக்கான் இமேஜ் 3112 சிப் உள்ள கார்டுகள் அந்தக் காலத்தில் பரவலாக இருந்தவை. பிசிஐ தடத்தின் மொத்த வேகமே நொடிக்கு 133 எம்பிதான் என்றாலும் இந்தக் கணினிக்கு அது தாராளம். கார்டுக்குச் சொந்தமாக ஒரு பயாஸ் இருக்கும். கணினி துவங்கும்போது தனித் திரை காட்டி டிஸ்க்கின் பெயரைச் சொல்லும். போர்டின் பயாஸில் பூட் வரிசையில் அந்தக் கார்டையோ, பழைய பயாஸ்களில் 'ஸ்கஸி' என்ற வரியையோ முதலில் வைக்க வேண்டும். இத்தகைய கார்டுகள் பலவற்றில் டிவிடி டிரைவிலிருந்து பூட் ஆகாது. அதனால் ஹார்டு டிஸ்க்கைக் கார்டிலும் டிவிடி டிரைவைப் போர்டின் ஐடிஇயிலும் வைக்கச் சொல்வேன். அது அடாப்டர் மூலமாக இருந்தாலும் சரி.

எக்ஸ்பியை அப்படியே புதிய டிஸ்க்குக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் கார்டின் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருள்) பழைய டிஸ்க் ஓடும்போதே நிறுவிவிட வேண்டும். கார்டை மாட்டி, எக்ஸ்பி அதை அடையாளம் கண்ட பிறகு நகல் எடுங்கள். இல்லாவிட்டால் புதிய டிஸ்க்கில் துவங்கும்போது 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வரும். துவங்க வேண்டிய டிஸ்க்கை அணுக எக்ஸ்பியிடம் டிரைவர் இல்லை என்பதுதான் அதன் பொருள். சத்தம் போடும் டிஸ்க் அந்த ஒரு துவக்கத்தைத் தாங்குமா என்ற சந்தேகம் இருந்தால் முதலில் தரவை மட்டும் காப்பாற்றிவிட்டு, எக்ஸ்பியைப் புதிதாகவே போடுங்கள். நிறுவும்போது எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பியிலிருந்து டிரைவரைக் கொடுக்கலாம். சற்றுப் பிந்திய போர்டுகளில் சாட்டாவை ஏஹெச்சிஐ (சாட்டாவுக்கே உரிய முறை), ஐடிஇ (பழைய முறை போலக் காட்டுவது) என்று இரண்டு விதமாக வைக்கும் வசதி பயாஸில் இருக்கும். எக்ஸ்பிக்கு ஐடிஇ என்று வைத்துவிட்டால் டிரைவர் பிரச்சினையே எழாது.

பவர் கனெக்டர் விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். பழைய பவர் சப்ளையில் நாலு கம்பி உள்ள வெள்ளை மோலெக்ஸ் கனெக்டர்கள் இருக்கும்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், இரண்டு கறுப்பும் கிரவுண்டு. ஒரு பக்க முனைகள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் ஒரு விதத்தில்தான் நுழையும். பலவந்தமாகத் திருப்பிச் செருகினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து டிரைவ் அந்த நொடியே போய்விடும். உள்ளே இருக்கும் உலோகக் குழல்களில் ஒன்று செருகும்போது பின்னுக்குத் தள்ளப்பட்டு, வெளியிலிருந்து பார்த்தால் மாட்டியது போலவே தெரிந்தாலும் தொடர்பில்லாமல் இருக்கும். டிரைவ் சுழல ஆரம்பித்து நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். கனெக்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள், நான்கு கம்பிகளும் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்று.

சாட்டா டிரைவுக்கு 15 முனைகள் கொண்ட தட்டையான பவர் கனெக்டர் தேவை. மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் சின்னக் கேபிள் கிடைக்கும், ஆனால் எது என்று பார்த்து வாங்க வேண்டும். கம்பிகளின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி ஒரே கட்டியாக வார்த்த கனெக்டர்கள் உண்டு. அவற்றில் உள்ளே கம்பிகள் மிக நெருங்கி இருந்து, காலப்போக்கில் ஷார்ட் ஆகி உருகித் தீப்பற்றியிருக்கின்றன. கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாக உலோக முனையில் அழுத்திப் பிடிக்கப்பட்டு, பின்பக்கம் மூடி போட்ட வகையை வாங்குங்கள். இரண்டு கண்ணால் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். நான் முதல் வகையை இலவசமாகக் கொடுத்தாலும் போட மாட்டேன். மோலெக்ஸில் 3.3 வோல்ட் கிடையாது. வழக்கமான டிஸ்க்குகளுக்கும் டிவிடி டிரைவ்களுக்கும் அது தேவைப்படுவதில்லை.

டிஸ்க்கின் கொள்ளளவு அடுத்தது. பழைய ஐடிஇ முறையில் செக்டார் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டு) எண்ணுக்கு 28 பிட்தான். அதில் அடங்குவது 137 ஜிபி. அதற்கு மேல் போக 48 பிட் முறை பயாஸிலும் விண்டோஸிலும் இரண்டிலுமே வேண்டும். எக்ஸ்பியில் அது சர்வீஸ் பேக் 1-லிருந்து இருக்கிறது. சர்வீஸ் பேக் இல்லாத எக்ஸ்பியில் பெரிய டிஸ்க்கை மாட்டி, எல்லையைத் தாண்டி எழுத நேர்ந்தால் எழுத்து டிஸ்க்கின் தொடக்கத்துக்கே திரும்பி வந்து, அங்கிருப்பதை அழித்துவிடலாம். இன்னும் பழைய பயாஸ்களில் 32 ஜிபி, 8.4 ஜிபி, 504 எம்பி என்று அடுத்தடுத்த எல்லைகள் இருந்தன. அதற்காகச் சில டிஸ்க்குகளில் கொள்ளளவைக் குறைத்துக் காட்டும் ஜம்பர் இருந்தது. மேல் எல்லையாக, 32 பிட் எக்ஸ்பியில் 2 டிபிக்கு மேல் பேச்சே வேண்டாம். 4 கேபி செக்டார் கொண்ட பிற்கால டிஸ்க் என்றால் பார்ட்டிஷனை எக்ஸ்பியில் போடாமல் ஜிபார்ட்டட் போன்ற பார்ட்டிஷன் நிரல் ஒன்றில் போட்டுவிட்டு வாருங்கள். எக்ஸ்பி 63-வது செக்டாரில் தொடங்கும், அது 4 கேபி எல்லையோடு பொருந்தாமல் எழுதும் வேகம் அடிபடும்.

மாட்டும்போது திருகுகளைக் கலந்துவிடாதீர்கள். டிவிடி டிரைவுக்கு எம்3 என்ற நெருக்கமான மரைத் திருகு, 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்குக்குச் சற்றுத் தடித்த 6-32 வகை. தடித்ததை டிவிடி டிரைவில் போட்டால் முதல் சுற்றிலேயே இறுகும், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் விண்டோஸுக்குப் போகாமல் முதலில் பயாஸுக்குள் நுழைந்து டிரைவின் மாடல் பெயர் எழுத்துப் பிசகாமல் வருகிறதா என்று பாருங்கள். பெயரில் விசித்திரமான எழுத்துகள் கலந்து வந்தால் கேபிளையோ கனெக்டரையோ சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு முறை துவங்கும்போதும் தேதி பின்னோக்கிப் போய், டிரைவ் அமைப்புகள் மறந்துபோனால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் மட்டும் டிவிடி டிரைவ் காணவில்லை, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு கோட் 19 அல்லது 39 என்று சொல்கிறது என்றால் பெரும்பாலும் வன்பொருளில் குறையில்லை. எப்போதோ நிறுவிய பர்னிங் (டிஸ்க்கில் எழுதும்) மென்பொருள் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) விட்டுச்சென்ற அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகள்தான் வழக்கமான காரணம். கன்ட்ரோல், கிளாஸ் என்ற பகுதிக்குள் 4டி36இ965 என்று தொடங்கும் கோப்புறையில் அவை இருக்கும். முதலில் அந்தக் கோப்புறையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டையும் நீக்கிவிட்டு மறுபடி துவக்குங்கள். பர்னிங் மென்பொருளை மட்டும் திரும்ப நிறுவ வேண்டி வரலாம்.

டிரைவ் தெரிகிறது, ஆனால் படம் விட்டுவிட்டு ஓடுகிறது, மவுஸ்கூட இழுக்கிறது என்றால் ஐடிஇ சேனலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் பாருங்கள், பிஐஓ (தரவைப் பிராசசரே நகர்த்தும் மெதுவான முறை) என்று இருக்கும். ஒரு டிரைவில் ஆறு முறை பிழை வந்தால் எக்ஸ்பி டிஎம்ஏ (பிராசசரைத் தொந்தரவு செய்யாத வேகமான முறை) வேகத்தை ஒரு படி இறக்கும். இறங்கி இறங்கிக் கடைசியில் பிஐஓவில் வந்து நிற்கும், தானாக ஏறாது. பழைய டிவிடி டிரைவ் கீறல் விழுந்த டிஸ்க்குகளோடு மல்லுக்கட்டியதன் மிச்சம் இது. அந்தச் சேனலை டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் செய்து மறுபடி துவக்கினால் எக்ஸ்பி புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவுக்குப் போகும். மறுபடியும் சில நாளில் இறங்கினால் கேபிளை மாற்றுங்கள்.

புதிய டிரைவில் முதல்முறை சினிமா டிவிடி போடும்போது மண்டல எண் கேட்கும். அதை மொத்தம் 5 முறைதான் மாற்ற முடியும்; கடைசியாக வைத்தது டிரைவுக்குள்ளேயே பதிந்துவிடும், விண்டோஸை மீண்டும் நிறுவினாலும் போகாது. உங்களிடம் அதிகம் இருக்கும் டிஸ்க்குகளின் அட்டையில் உலக உருண்டைப் படத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வையுங்கள்.